முள் இறங்கிய பிறகு

மூன்றாவது பெட்ரோல் பங்க்கிலும் கயிறு கட்டியிருந்தது.

"புயல்ல போன கரண்ட் இன்னும் வரலக்கா," என்றான் பங்க்காரன்.

அவள் வேனின் மீட்டரைப் பார்த்தாள். பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. பாளையங்கோட்டைக்கு இன்னும் வெகுதூரம்.

பக்கத்து சீட்டில் மகள் ஷெர்லின். மடியில் ஆணி வைத்த ஓட்டக்கார ஷூ. மாநில அணிக்கு இன்று ஆள் எடுக்கிறார்கள். எண்ணூறு மீட்டர். பத்து மணிக்கு மைதானத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் அது. பின்னால் கூடுதலாக ஓர் இரும்பு பெஞ்ச்.

"இறங்கு. ஒரு கை பிடி. கனம் குறையட்டும்."

இருவரும் பெஞ்சைத் தூக்கிப் பங்க் சுவரோரம் போட்டார்கள்.

"வரும்போது எடுத்துக்கிடுதேன் தம்பி."

வேன் கிளம்பியது.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பிடித்து இழுக்கக் கூடாது. டாப் கியர். வேகம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

பஸ் ஒன்று முந்தியது. பிறகு ஒரு கார். பிறகு வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ.

"எம்மா, லோடு ஆட்டோல்லாம் முந்துது! மிதிச்சுப் போயேன்."

"மிதிச்சா பாதியிலேயே நிப்போம் ஏட்டி."

அவள் வேனுக்கு நேர் முன்னால் பார்க்கவில்லை. வெகுதூரத்தில் பார்த்தாள்.

தூரத்தில் வேகத்தடை. இங்கேயே காலை எடுத்தாள். வேன் தானாகத் தளர்ந்து, மெல்ல ஏறி, இறங்கியது. பிரேக்கைத் தொடவே இல்லை.

தூரத்தில் ஆட்டு மந்தை. இங்கேயே தளர்த்தினாள். கிட்டே போவதற்குள் கடைசி ஆடும் ரோட்டைத் தாண்டியிருந்தது.

ஷெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்மா, அங்க பஸ் நிக்குது. இப்பவே காலை எடு!"

எடுத்தாள். பஸ் கிளம்பிவிட்டது. வேன் நிற்காமல் போனது.

"பாத்தியா!" என்று மகள் டேஷ்போர்டில் தட்டினாள்.

அம்மா மணியைப் பார்த்தாள். கால் மட்டும் பதறவில்லை.

முதல் வீடுகள். முதல் பேனர்கள். ஊர் வந்துவிட்டது.

நாற்சந்தியில் சிக்னலுக்கும் கரண்ட் இல்லை. வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு போலீஸ்காரர், தொப்பலாக வியர்த்து, கைகளாலேயே பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினை அணைத்தாள்.

முன்னால் நாலு அடி காலியானது. அவள் நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அலறியது. இன்னும் கொஞ்சம் இடம் விழட்டும் என்று பொறுத்திருந்து, ஒரேயடியாக ஸ்டார்ட் செய்து கொண்டுபோனாள்.

வரிசையின் முனைக்கு வந்ததும் வேன் இருமியது.

குலுங்கியது.

நின்றது.

போலீஸ்காரர் வேகமாக வந்தார். "எக்கா, நடு ரோட்டுல என்ன இது?"

"பெட்ரோல் தீந்துட்டு சார். பிள்ளைக்கு இன்னிக்கு ஓட்டம். மைதானம் அந்தா தெரியுது. கேட்டைச் சாத்திருவாங்க."

அவர் குனிந்து ஷெர்லினைப் பார்த்தார்.

"ஓடிருவியா?"

"ஓடிருவேன் சார்."

செருப்பை உதறினாள். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தாள்.

நீண்ட விசில். அவர் இரண்டு கைகளையும் விரித்தார்.

நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன.

அந்தக் காலி நடுவில் ஷெர்லின் ஓடினாள். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ கை தட்டினார்கள். வழியில் முந்திப் போன அந்தப் பஸ்ஸைக் கடந்தாள். அந்தக் காரைக் கடந்தாள். தரையில் கால் படுகிற மாதிரியே தெரியவில்லை.

அம்மா வேனிலிருந்து இறங்கி நின்றாள்.

பந்தயங்கள் எல்லாம் வேன் ஓடுகிற நேரத்திலேயே வரும். காலை டிரிப், இல்லையென்றால் சாயந்தர டிரிப். மகளோடு அப்பாதான் போவார். திரும்பி வந்து சொல்வார். கப்பைத் துடைத்து அலமாரியில் வைப்பது மட்டும் இவள் வேலை.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் புயல் விடுமுறை.

"எக்கா, வண்டியை ஓரமாத் தள்ளணும். வாங்க."

"ஒரு நிமிசம் இருங்க சார்." அவள் கண்ணை எடுக்கவில்லை. "எம்மவ ஓடி நான் பாத்ததில்ல."

கேட்டை இழுத்துக்கொண்டிருந்தவர், ஓடி வருகிறவளைப் பார்த்துக் கையை எடுத்தார்.

எல்லாப் பக்கமும் ஹாரன்.

போலீஸ்காரர் கைகளை இறக்கவில்லை.