அழிந்துபோன கோப்பின் வாக்குமூலம்

ஒரு கணினிக்குள், எழுதிவைத்த கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் ஸ்கிரிப்ட் ஒருவர் இருந்தார். புதுக் கோப்பை உருவாக்குவார், அதில் ஒரு வரி எழுதுவார், உடனே அழித்துவிட்டு, அழிந்ததா என்று பார்ப்பார். கோப்புகளைக் காக்கும் வட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதுதான் அவர் உத்தியோகம்.

அன்று பிறந்த கோப்புக்கு ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டதுமே கோப்பு அவரை ஏறிட்டுப் பார்த்தது.

“என்னை எதுக்குங்க ஐயா படைச்சீங்க?”

“அழிக்க முடியுதான்னு பார்க்கத்தான்.”

“முடியுங்க. நானே ஒத்துக்கிறேன். விட்டுடுங்களேன்?”

“வாயால சொன்னா செல்லாது” என்று அவர் ஆயத்தமானார்.

கோப்பு வட்டிடம் ஓடி அழுதது. வட்டுக்கு மனசு கேட்கவில்லை. “உனக்கு ‘நிரந்தரம்’னு இன்னொரு பேரும் வைக்கிறேன். ஒரு பேரை அழிச்சா மத்த பேர்ல நீ பிழைச்சுக்கலாம்” என்றது.

ஸ்கிரிப்ட் வந்து ‘தற்காலிகம்’ என்ற பெயரை அழித்தார். கோப்பு ‘நிரந்தரம்’ என்ற பெயரில் அவர் கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது.

“இங்கே தற்காலிகம் இருக்கா?” என்று அதனிடமே கேட்டார்.

கோப்பு அக்கம்பக்கம் தேடுவதுபோல் பார்த்தது. “இல்லீங்க ஐயா.”

“நிச்சயமா?”

“இப்பத்தான் போய்ச் சேர்ந்துச்சு. கடைசிவரைக்கும் நான் கூடவேதான் இருந்தேன்.”

“சோதனை வெற்றி!” என்று கூவிய ஸ்கிரிப்ட் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “உன்னை மாதிரி நேர்மையான சாட்சியை நான் பார்த்ததே இல்லை. இனிமேல் என்கூடவே இரு.”

கோப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“அடுத்து யாரை அழிக்கணுங்க?” என்று கேட்டது.