தியோபால்ட் க்ரைசிங்கின் இலங்கைப் பாட்டு

"ஓலம்பா தீரி கூமா" என்று உச்சத்தில் இழுத்து முடித்தாள் பாடகி. நகர மண்டபம் கைதட்டியது. பிறகு எல்லாத் தலைகளும் விமலநாதன் பக்கம் திரும்பின.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அது. அந்தச் சிறிய ஜெர்மன் ஊரின் ஒரே இசையமைப்பாளரான தியோபால்ட் க்ரைசிங் இறந்து நூறு வருடம். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்து, பயணநூல் ஒன்றும் பாட்டுகள் சிலவும் எழுதியவர் என்று மேடையில் அவருடைய வரலாற்றை வாசித்தார்கள். யாழ்ப்பாணத்தில் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே மூன்று புலிகளைச் சுட்டாராம். அந்த இடத்தில் இருமத் தொடங்கிய விமலநாதனின் மனைவி யோகம், தண்ணீர் கொடுத்தும் நிறுத்தவில்லை.

ஊரில் இருந்த இலங்கையர்கள் அவர்கள் இருவர்தான். ஆகவே முன்வரிசையில், மேயருக்குப் பக்கத்தில் இடம். அவர்களை இங்கேயே வைத்திருப்பதா, வேறு ஊர் அகதி முகாமுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க இருந்தவரும் அதே மேயர்தான்.

"இப்போது திரு. விமலநாதன் பாட்டின் பொருளைச் சொல்வார்" என்று அறிவித்தார், விழாவை நடத்திய ஹெட்விக். இசையமைப்பாளரின் கொள்ளுப்பேத்தி.

இப்படி ஒன்று இருப்பதாக யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"இஞ்சேருங்கோப்பா, உது சிங்களமே?" யோகம் காதுக்குள் கேட்டாள்.

சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இலங்கையில் யாருமே சண்டை பிடிக்காத மொழி ஒன்றை அவன் முதல் தடவையாகக் கேட்டிருந்தான்.

எழுந்தான்.

"ஒருவன் மனைவியிடம் வீட்டுச் சாவி எங்கே என்று கேட்கிறான்" என்றான் ஜெர்மனில். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

மண்டபம் காத்திருந்தது.

"சாவி கையில்தான் இருக்கிறது, கதவைத்தான் காணவில்லை என்கிறாள் அவள்."

யோகத்துக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்கும். கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மேயர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து கோட்டுகள் எடுக்கும் இடத்தில் ஹெட்விக் அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். சொன்ன பொய்யின் கூச்சத்தில் அவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் கொள்ளுத்தாத்தா இந்த ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியே போனதில்லை. கப்பல் என்றாலே பயம். இங்கே எல்லோருக்கும் அது தெரியும்" என்றார் அவர்.

"பிறகு ஏன் என்னைக் கேட்டீர்கள்?"

"இத்தனை காலமாக அந்தப் பாட்டுக்கு ஓர் அர்த்தமும் இருக்கவில்லையே."

மேயர் வந்து சேர்ந்துகொண்டார். கண்கள் சிவந்திருந்தன. கேட்பதா விடுவதா என்பதுபோல் சற்றுத் தயங்கி நின்றார்.

"க்ரைசிங் ஒரு சீனப் பாட்டும் எழுதியிருக்கிறார். அடுத்த வசந்தத்தில் பாடப்போகிறோம். நீங்கள் அப்போது இங்கேதானே இருப்பீர்கள்?"

விமலநாதன் வாயைத் திறப்பதற்குள் யோகம் அவன் முழங்கையைப் பிடித்து அமுக்கினாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ."