முள்ளம்பன்றி எய்யும் நேரம்

முள்ளம்பன்றி கண்டவர்மீதெல்லாம் முள்ளை எய்யும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையை இனியும் வளரவிடக் கூடாது. அது தன் சொந்த நிலத்தில், தன் சொந்தக் கறையான் புற்றைக் குறிவைத்து மட்டுமே எய்யும்.

பக்கத்துப் புதரில் அடைகாத்துக்கொண்டிருந்த கௌதாரி ஒருநாள் முறையிட வந்தது.

“என் நிலம், என் முள். எந்தச் சட்டம் தடுக்குது?” என்றது முள்ளம்பன்றி.

“சட்டமெல்லாம் உங்க பக்கந்தான் அண்ணே. ஆனா ஒவ்வொரு முள்ளு குத்துற சத்தத்துக்கும் நான் பதறி எழுந்துடறேன். முட்டை ஆறிப்போகுது. குஞ்சு பொரிக்கலைன்னா உங்க சட்டத்தையா அடைகாக்கிறது?”

வேலியோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு குறுக்கிட்டது.

“எதுக்கு வம்பு? அவ இரை தேடப் போற நேரமாப் பார்த்து எய்யுங்க. உங்க பயிற்சியும் கெடாது, அவளுக்கும் பதற்றமில்ல.”

“நியாயம் பேச நீங்க ஒருத்தராவது இருக்கீங்களே, பெரியப்பா!” என்றது கௌதாரி.

முள்ளம்பன்றி அதற்கு ஒப்புக்கொண்டது; வாக்கும் தவறவில்லை. மறுநாள் கௌதாரி இரை தேடக் கிளம்பி, மேட்டைத் தாண்டும்வரை காத்திருந்து, முதல் முள்ளை எய்தது. சத்தம் கேட்டதும் உடும்பு எழுந்து முட்டைகள் இருந்த புதரை நோக்கி நடந்தது.