ஆய்வு நாள் படுக்கை

அதிகாரியின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது, குடிநோயாளிகள் மறுவாழ்வு மையத்தில் ஒரு கட்டில்கூடக் காலியாக இல்லை.

படுத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு நோயே கிடையாது.

மையத்தை நடத்துகிறவளுக்கு வேறு வழி தெரியவில்லை. குடியை விட்டவன் வீட்டுக்குப் போனால் கட்டில் காலியாகும். கட்டில் காலியானால் அடுத்த ஆண்டு அரசு மானியம் நின்றுபோகும். ஒழுங்காக வேலை பார்த்ததற்கு அப்படியொரு தண்டனை. மானியம் நின்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அதனால் குணமாகிப் போனவர்களையே ஒரு காலைப்பொழுதுக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள்.

கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள். தையல்காரர் கல்யாண வீட்டில் இடம் பிடிப்பதுபோல் ஜன்னலோரக் கட்டிலைப் பிடித்தார். லாரி ஓட்டுநர் படுத்ததும் நிஜமாகவே குறட்டை விட்டார்.

வெல்டர் நேராக மூலைக் கட்டிலுக்குப் போய்ப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மையத்தின் பெருமை அவர். புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் அவர் குடியை விட்ட கதையைத்தான் சொல்வாள்.

அதிகாரி அந்தக் கட்டிலருகே நின்றார்.

போர்வையின் மேல் வெல்டரின் விரல்கள் நடுங்கின. நெற்றியில் வியர்வை வேறு. இத்தனை தத்ரூபம் எதற்கு, மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள்.

அதிகாரி 'உச்' கொட்டினார். மானியம் தொடர வேண்டும் என்று மேலே எழுதுவதாக அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் தெருமுனையைத் தாண்டியதும் வார்டு பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஆனது. போர்வைகள் பறந்தன.

"யோவ் வெல்டரு, அந்த ஆளு போயாச்சு, எந்திரிய்யா! நீ நடிச்ச நடிப்புக்கு இன்னொரு கட்டடமே கட்டித் தருவாங்க போலிருக்கு" என்றார் தையல்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். நடிக்க வந்தவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவரவர் பிழைப்புக்குக் கிளம்பினார்கள்.

அவள் மூலைக் கட்டிலுக்கு வந்தாள்.

"ரொம்ப நன்றிண்ணே. பட்டறைக்கு நேரமாகலையா?"

வெல்டர் எழுந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டினார். சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

அங்கே சேருகிறவர்கள் முதல் நாள் ஒப்படைக்க வேண்டியவை அவை இரண்டும்தான்.