மூக்கின் மேல் ஒரு பச்சைப் புள்ளி

அலுவலகக் கூடத்தில் சுவர் முழுக்க ஒரு திரையை மாட்டினார்கள். அதில் எம்.டி.யின் முகம் ஓயாமல் புன்னகைத்தது. ஊழியர்கள் கூடத்தில் சுதந்திரமாக உலவலாம் என்றது சுற்றறிக்கை. திரையில் அவரவர் பார்வை படும் இடத்தில் பெயரோடு ஒரு பச்சைப் புள்ளி விழும், அது எம்.டி.யின் முகத்தை விட்டு நழுவினால் மெமோ வரும் என்பதையும் அன்போடு சேர்த்துச் சொன்னது. எல்லோரும் அண்ணாந்தபடி, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, சுதந்திரமாக உலவினார்கள்.

செண்பகவல்லிக்கு வேண்டியது ஒரு மாறுதல் உத்தரவு. கைகால் விழுந்த கணவன் நாகர்கோவிலில் கிடந்தான். எம்.டி.யை நேரில் பார்க்க அலைந்து அலைந்து அவள் ஓய்ந்துவிட்டாள்.

அன்று காலை, பக்கத்தில் நின்ற எட்வின் உதடு அசையாமல் கிசுகிசுத்தான். "யக்கா, இந்த செண்ட் வாசனை எம்.டி.யோடதுதான். உங்களுக்கு அந்தப் பக்கம்தான் நிக்காரு. கேட்டுருங்க."

"எப்படிடா திரும்ப? நேத்து நவமணி தும்முனதுல புள்ளி காதுக்குப் போயிட்டுன்னு மெமோ குடுத்தானுவ."

"திரும்பாமலே கேளுங்க."

செண்பகவல்லி தன் புள்ளியை மூக்கின் மேல் பத்திரமாக நிறுத்தினாள். "ஐயா, வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல. நாகர்கோவிலுக்கு மாத்திக் குடுங்கய்யா" என்றாள் திரையிடம்.

பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார். திரையில் அவள் புள்ளியை ஒட்டி எம்.டி.யின் பெயர் போட்ட புள்ளி ஒன்று வந்து நின்றது. முகம் என்ன பதில் சொல்லப்போகிறதோ என்று அவரும் அண்ணாந்து காத்திருந்தார்.