மஞ்சள் நகம்

தையல்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் நகம் வெட்டுவார்; மஞ்சள் பாரித்த துண்டுகள் மெத்தையெல்லாம் சிதறும். அதே கட்டிலில் அவரோடு பல வருஷம் குடும்பம் நடத்திய சலூன்காரர், அதற்காகப் போடாத சண்டையில்லை.

தையல்காரர் மாரடைப்பில் போனார். ஊரிலிருந்து வந்த அண்ணன், "நீங்க யாரு?" என்று கேட்டார். "வாடகையில பாதி குடுத்து கூட இருந்தவன்ங்க" என்று சொல்லிவிட்டு, சலூன்காரர் கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காபியில் ஒரு நகத்துண்டு பல்லில் அகப்பட்டது. துப்பினார். தம்ளரைத் தேய்தேய் என்று தேய்த்தார், மெத்தையை உதறினார், வீட்டையே கழுவிவிட்டார். மதியம் சோற்றிலும் ஒன்று கிடந்தது. அது இப்போதுதான் வெட்டியதுபோல் ஈரமாக இருந்தது.

சாயங்காலம் துணிமணிகளை எடுத்துப்போக அண்ணன் வந்தார். வீட்டிலிருந்த ஒரே கட்டிலைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அவனுக்குன்னு யாராச்சும் இருந்தாங்களா தம்பி? மறைக்காம சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"யாருமில்லைங்க."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கின் அடியில் உறுத்தியது. வந்தவர் முன்னால் துப்ப முடியாமல், எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். அது இறங்கவில்லை. தொண்டையில் வெதுவெதுப்பாக ஊன்றிக்கொண்டது. நகத்துக்குப் பின்னால் விரலும் இருந்தது.