சைக்கிள் நனையக் கூடாது

“எவ்வளவு நேரம்தாம்மா இப்படியே உக்காந்திருக்கறது? முன்கூட்டியே சொல்லி வெச்சிட்டு வந்தவங்க நாங்க!”

பல் டாக்டர் விடுதிக்கார அம்மாளைக் கேட்டார். அவள் கையில் துடைப்பத்தோடு மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அவள் கணவர், சலவை செய்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறினார்.

வாசலில் ‘சைக்கிள் பயணிகளுக்கு நல்வரவு’ என்று பெரிய பலகை. வந்தவர்கள் பெஞ்சில்.

டாக்டருக்கு இது மானப் பிரச்சினை. வருஷா வருஷம் மனைவியோடு சைக்கிளில் ஊர் சுற்றுவது அவர் ஆசை. வருஷா வருஷம் தங்குமிடத்தில் கோட்டை விடுவது அவர் வழக்கம். ஒரு வருஷம் சைக்கிள்களை மூன்று மாடி சுமந்தார்கள். போன வருஷம் சைக்கிள்கள் விடிய விடிய மழையில் நின்று, காலையில் செயின் கீச்சுக் கீச்சென்று அழுதது.

“இந்தத் தடவையும் சொதப்பினீங்க, அடுத்த வருஷம் நீங்களும் உங்க சைக்கிளும் மட்டும் ஜோடியா போயிட்டு வாங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

அதனால் டாக்டர் இந்த முறை நோயாளிகளை வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, தன் வாயைப் போனில் திறந்தார். விடுதி விடுதியாக விசாரணை. கூரை போட்ட கொட்டகை இருக்கா? கழுவக் குழாய் இருக்கா? பூட்டு கெட்டியா? காத்தடிக்கப் பம்ப்?

எல்லாவற்றுக்கும் ‘இருக்கு’ என்று சொன்னது இந்த விடுதி ஒன்றுதான். வாடகையும் கொள்ளை மலிவு.

வந்து இறங்கியதும் கொட்டகையைப் பார்த்த மனைவி, “அட! கல்யாணம் ஆனதிலேருந்து முதல் தடவையா உருப்படியா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க!” என்று வாசலிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். விடுதிக்கார அம்மாள்தான் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். கணவரோடு ஏதோ கிசுகிசுத்தாள். “கொஞ்சம் உக்காருங்க” என்றாள் சுரத்தில்லாமல்.

ஒருவழியாக ரூம் கிடைத்தது.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

மனைவி அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே யாருடைய துணிமணிகளோ. ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக் கண்ணாடி. குளியலறையில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு பல் செட்.

“இது ஒண்ணு மட்டும் உங்களை வரவேற்க வெச்சது போல இருக்கு” என்றாள். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. “யாரோ குடும்பம் நடத்தற ரூமைத் தள்ளி விட்டிருக்காங்க. காலையில அந்தம்மாவை நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறீங்க.”

“கேக்கறதா? வெளுத்து வாங்கறேன் பாரு!”

விடிந்ததும் டாக்டர் கொட்டகைக் கதவைத் தள்ளினார். சைக்கிள்கள் இரண்டும் சொட்டு ஈரம் படாமல் மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. அவற்றின் காலடியில், தரையில் விரித்த போர்வையில், விடுதிக்காரர் பொக்கை வாயைத் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

“அப்ப, நாங்க படுத்தது உங்க ரூமா?”

“ஆமா தம்பி. மத்த ரூமெல்லாம் ஆள் இருக்காங்க.”

“நல்லா இருக்கும்மா நியாயம்! இருக்கற ரூமுக்கு மேல ஆளைச் சேத்துக்கிட்டு, வயசானவரைக் கட்டாந்தரையில போட்டு வெச்சிருக்கீங்க. சம்பாதிக்கறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? இடம் இல்லன்னா இல்லன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே!”

அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, கேட்டீங்களா?”

அம்மாள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். “நல்லாவே கேட்டுட்டார்மா! தப்பு எங்க மேலதான். ரூம் விஷயத்துல ஒரு குளறுபடி ஆயிடுச்சு. உங்க வீட்டுக்காரரைக் குத்தம் சொல்லாதீங்க!”

“அவரை எதுக்கும்மா சொல்லப்போறேன்? இந்த வருஷம் அவருக்கு நூத்துக்கு நூறு!”

ஜன்னல் சிரித்துக்கொண்டே மூடியது.

டாக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். ஒப்புக்கொண்டவர்களை மன்னிப்பதுதானே பெருந்தன்மை?

“சரி, போகட்டும்மா. இனிமே இப்படிப் பண்ணாதீங்க.”

“பண்ணலை தம்பி” என்ற அந்த அம்மாள், மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நேத்து வாசல்ல அந்தப் பொண்ணு அப்படிச் சந்தோஷமா சிரிச்சதைப் பாத்ததும், உண்மையைச் சொல்ல எங்க ரெண்டு பேருக்குமே மனசு வரலை. நீங்க ஏதோ சொந்தக்காரங்க வீட்ல தங்கப்போறீங்கன்னுதான் நினைச்சிருந்தோம். ஏன்னா, போன்ல ‘வேற ஏதாவது வேணுமா’ன்னு நான் கேட்டப்ப, ‘வேற ஒண்ணும் வேண்டாம், சைக்கிள் நனையக் கூடாது, அவ்வளவுதான்’னு சொல்லி வெச்சுட்டீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நீங்க இடமே கேக்கலையே, தம்பி!”